சித்தப்பாவும் ஏழாம் மாடி அலமாரியும்

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடமாக மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருப்பவர், ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஒன்பது வருடம் முன்பு எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது.

நாலு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, வேலை எப்போது, கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். சித்தப்பா மட்டும், நான் ஏறிய லிஃப்டுகளில் எதில் கதவு சத்தமில்லாமல் மூடியது என்று கேட்டார். என் பெயரையும் அவர்தான் மாற்றினார். அன்றிலிருந்து நான் ஊர்சுற்றி.

விஷயம் இதுதான். சித்தப்பாவின் மகள் தொலைதூர நாடு ஒன்றில் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவத்துக்குப் போக விசா வேண்டும், எட்டு வாரம் ஆகும் என்றார்கள். சித்தப்பாவும் சித்தியும் இரண்டு பாஸ்போர்ட்டையும் விசா மையத்தின் கீழ்த்தளக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது வாரம், சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பெரிய இயந்திரம் நின்றுபோனது. புது இயந்திரம் வரும்வரை பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டாம் தேதியிலிருந்து. பத்தொன்பது வருடத்தில் அவளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த முதல் பத்து நாள்.

சித்திக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. படுத்தபடி பார்த்தால் கடல் தெரிய வேண்டும். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைத் துணி எதுவும் தெரியக் கூடாது. எங்கள் நாட்டில் கடல் கிடையாது. அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் எல்லை தாண்ட வேண்டும், எல்லை தாண்ட விசா வேண்டாமென்றாலும் பாஸ்போர்ட் வேண்டும்.

சித்தப்பா அசரவில்லை. பராமரிப்புத் தாள் ஒன்றை எடுத்து அதிலேயே திட்டம் போட்டார். பெட்டி: நலம், சக்கரத்துக்கு எண்ணெய் விடப்பட்டது. செருப்பு: மாற்ற வேண்டும். கடல் தெரியும் அறை: சொல்லி வைக்கப்பட்டது. பாஸ்போர்ட்: சேவையில் இல்லை. கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதி, தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினார்.

நான் விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. விண்ணப்பத்தை ரத்து செய்யாமல், பாஸ்போர்ட்டை மட்டும் இரண்டு வாரம் திரும்பப் பெறலாம். அதற்குத் தனிப் படிவம். ஏழாவது கட்டத்தில், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும் என்றிருந்தது. சித்தப்பா போன் செய்து, அசல் உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டார். அப்படியானால் அதற்கு இன்னொரு படிவம் என்றார்கள். இரண்டையும் நிரப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு அவர் போன் செய்தார், தினமும் ஒரே பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசா மையம் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பதே சித்தப்பாதான். மாதம் ஒரு முறை நீலச் சட்டையும் கருவிப் பையுமாக ஏழாம் மாடிவரை போய்விடுவார். காவலாளி சலாம் வைப்பார். அதே ஆள் வெள்ளைச் சட்டையில் போனால், டோக்கன் இல்லாமல் கீழ் வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

அந்த மாதப் பராமரிப்பு ஐந்தாம் தேதி வந்தது. வீட்டுக்கு வந்து, கை கழுவாமலேயே கதை சொன்னார். லிஃப்ட் கதவுக்கு நேரெதிரே, பத்தடி தூரத்தில், மையத்தில் வேலை பார்க்கும் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி அலமாரியைத் திறந்தாளாம். மேல் தட்டில் அவர்களுடைய இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி இருந்தனவாம். சித்தி பாஸ்போர்ட்டின் அட்டையில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை வைத்துக் கண்டுபிடித்தாராம். அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் கஷ்டத்தையும் சொல்லியிருக்கிறாள்.

"என்ன பண்றது அண்ணே, ஒரு மனுஷன் தெனமும் பத்து மணிக்கு டான்னு போன் பண்ணி உயிர எடுக்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று சித்தி கேட்டாள்.

"சில பேர் அப்படித்தான் மேடம், பொறுத்துக்கங்கன்னேன்."

"நான்தான் அதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"டியூட்டில சொந்த விஷயம் பேசக் கூடாதும்மா."

வெண்ணெயைப் பத்தடியில் வைத்துக்கொண்டு நெய்க்குப் படிவம் நிரப்பும் மனிதரைச் சித்தி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பு வாங்கக் கிளம்பிவிட்டாள்.

பத்தாம் தேதி போன் வந்தது. நாளை நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம், மாலை நாலு மணிக்குள். மறுநாள் சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மூவரும் இரண்டு மணிக்கே போய் டோக்கன் வாங்கினோம். வரிசை நகரவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை, விண்ணப்பதாரர்கள் படியில் ஏறக் கூடாது என்பது விதி என்றார் காவலாளி. லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லியாயிற்று, ஆள் வந்துகொண்டிருக்கிறாராம்.

சித்தப்பாவின் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "பக்கத்துலதான் சார் இருக்கேன்" என்றார்.

சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலிருந்து நீலச் சட்டையும் கருவிப் பையும் வெளியே வந்தன. காவலாளி சலாம் வைத்து, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று மெச்சினார். சித்தப்பா படியேறினார். கதவு ஓடும் பள்ளத்தில் யாரோ தவறவிட்ட பிளாஸ்டிக் டோக்கன் சிக்கியிருந்ததாம். அதை எடுத்து, இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றரைக்கு இறங்கி வந்தார். மறுபடி வெள்ளைச் சட்டை. வரிசையில் அவர் இடத்தை நான் விடாமல் பிடித்து வைத்திருந்தேன். தான் சரிசெய்த லிஃப்டில், டோக்கனைக் கையில் பிடித்தபடி, முதல் முறையாகப் பயணியாக ஏறினார்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடிக்காரப் பெண். சித்தியின் முகத்தையும் படத்தையும் பார்த்தாள், பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"இவர்தாம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, மெக்கானிக் அண்ணே. வேலை முடிஞ்சும் கிளம்பலையா?"

"நான்தான் மேடம் அது."

"எது?"

"தெனமும் பத்து மணிக்கு."

அவள் சிரித்தாள். உண்மையிலேயே நல்ல நகைச்சுவை என்று நினைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய படத்தில் சித்தப்பாவுக்கு அடர்ந்த மீசையும் தலைநிறைய முடியும் இருந்தன. இப்போது இரண்டுமில்லை. கம்பெனி அடையாள அட்டையில் பெயருக்குப் பதில் எண் மட்டும்தான். வேறு அட்டை எதையும் அவர் எடுத்து வரவில்லை, பாஸ்போர்ட் வாங்கப் போகும்போது எதற்கு வேறு அட்டை என்று வீட்டிலேயே சொல்லியிருந்தார். நான் குறுக்கே புகுந்து கையெழுத்தை ஒத்துப் பாருங்கள் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான யோசனை அதுதான்.

அவள் லிஃப்ட் பதிவேட்டைக் கொண்டு வந்தாள். மை இன்னும் காயவில்லை. விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு கையெழுத்தும் அச்சு அசல் ஒன்று. அவள் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, அந்த ஆளுக்காகக் கையெழுத்துக்கூட நீங்களேவா போட்டுக் கொடுத்தீங்க? உங்க நல்ல மனசுக்கு இப்படியா?"

சித்தி கல்யாணத் தேதியைச் சொன்னாள். நான் குரலை உயர்த்தினேன். மேலதிகாரி வந்தார், கேட்டார், சந்தேகம் என்று வந்துவிட்டால் சரிபார்ப்பு, பத்து வேலைநாள் என்றார். சித்தப்பாவின் பாஸ்போர்ட் மறுபடி அலமாரிக்குள் போனது. மெக்கானிக் மேல் புகார் எதுவும் எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் அதிகாரியிடம் கெஞ்சியதும் என் காதில் விழுந்தது.

கீழே இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் மூவர் மட்டும். மறுநாள் காலை விமானம். சித்தி தன் பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்திருந்தாள்.

"நான் போகல. தனியா போயி என்ன பண்ண?" என்றாள்.

சித்தப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டா ரெண்டு பேரையும் ஒண்ணா இழுக்கக் கூடாது. கைக்கு எட்டுறவங்கள மொதல்ல வெளிய எடுக்கணும். நீ கிளம்பு."

"நீங்க?"

"நான் உள்ளயே இருக்கேன். காத்து வருது."

முப்பத்தொரு வருடமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் சொல்லும் வாசகம் அது. காற்று வருகிறது, பயப்படாதீர்கள். சித்திக்குச் சிரிப்பு வந்து அழுகையும் வந்தது. கதவு திறந்ததும் முதலில் வெளியே போனவள் அவள்தான்.

கூட நான் போகட்டுமா என்று கேட்டேன். என் பாஸ்போர்ட் எப்போதும் பையில்தான் இருக்கும். நீ எத்தனையோ கடல் பார்த்தாச்சு, இது என்னோடது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மாலை சித்தியின் போன் வந்தபோது சித்தப்பா சமையலறைத் தாளில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். படுக்கையிலிருந்தே கடல் தெரிகிறதாம். பக்கத்து அறைக்காரர்கள் மாடத்தில் ஒரு வெள்ளைத் துண்டைக் காயப்போட்டிருந்தார்களாம். போய்க் கதவைத் தட்டி எடுக்கச் சொல்லிவிட்டாளாம். என் சித்தி, ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளரிடம் லீவு கேட்கவே பத்தொன்பது வருடம் தயங்கியவள்.

"இருங்க, அலைச் சத்தம் கேளுங்க" என்று போனை வெளியே நீட்டினாள். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். இரைச்சல், பிறகு இரைச்சல், நடுவில் எங்கோ ஒரு கிரீச்.

"அது என்ன சத்தம்?" என்றார் சித்தப்பா.

"வராந்தா லிஃப்டுங்க."

"கதவு உருளை தேஞ்சிருக்கு. நாளைக்குக் கொஞ்சம் பக்கத்துல வச்சுக் காட்டு."

அவள் போனை வைத்துவிட்டாள். சித்தப்பா தாளில் பாஸ்போர்ட் என்ற வரிக்குப் போய், சிவப்பு மையை அடித்துவிட்டு, நீலத்தில் எழுதினார்: ஒன்று இயங்குகிறது.