புகையோடு மல்லுக்கட்டிய தவமணி அக்கா

தவமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது, நான் நசரத்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டர் வாசலில் நின்று அவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என் புதிய லாரியின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்திருந்தது. ஏதோ சென்சார் வர வேண்டுமாம். எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இந்த வண்டியை வாங்கச் சொல்லி என் உயிரை எடுத்தவர் அக்காதான். அப்போது அவருடைய டிரைவர் செல்வம் போன் செய்தான்.

"அண்ணாத்தே, அக்கா பூட்டாங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..."

அவன் அழுதான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

இதைப் படிக்கும் நம் லாரி உரிமையாளர் சங்கத்து உறுப்பினர்களில், அக்காவிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளானூரில் வீடு, சொந்தமாக இரண்டு லாரி, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கார் உதிரிபாகம் ஏற்றும் தொழில். நம் சங்கத்தில் ஒரே பெண் உறுப்பினர். ஒரே எதிர்க்கட்சியும் அவர்தான்.

புதிய டீசல் லாரிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகப் போகிறது என்று அறிவிப்பு வந்த சமயம், பூந்தமல்லியில் அவசரக் கூட்டம் போட்டோம். வண்டி விலை ஏறும், மெக்கானிக் கிடைக்க மாட்டான், ஆகவே விதியைத் தள்ளிப்போடக் கேட்டு மனு கொடுப்போம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். டீ வரும் நேரத்தில் அக்கா எழுந்தார்.

"பொகைய உடறது நம்ப வண்டி. அத்த மோந்துகினு கீறது நம்ப ஊட்டுப் புள்ளைங்க. இதுக்கு மனு வேற குடுக்கப் போறீங்களா?"

அதன்பின் அங்கே எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தில் 'ஓர் உறுப்பினர் மாறுபட்டார்' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா செக்ரட்ரி, எனக்குப் பேரு இல்லியா? எத்தினி தபா பேரச் சொல்லிக் கூப்ட்டு டீ வாங்கிக் குடிச்சிருக்க?" என்றார். பெயரை எழுதும் வரை நகரவில்லை. டீ ஆறிப்போனது.

விதி வந்தது. சங்கத்தில் முதல் புது லாரியை வாங்கியவரும் அவர்தான். வாங்கியதோடு நிற்காமல், எங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, சைலன்சர் அருகே வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, அதில் கரி படியாததைக் காட்டினார். என் மனைவி அந்தக் கைக்குட்டையைப் பார்த்து மயங்கிவிட்டாள். நானும் ஒரு வண்டி எடுத்தேன்.

அதன்பின் நாங்கள் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க். அதில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கும் நஞ்சை அது குறைக்குமாம். கரைசல் தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ, இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் அக்காவின் லாரி முழு லோடோடு பூந்தமல்லி பைபாஸில் மாட்டு வண்டிபோல ஊர்ந்து, கடைசியில் நின்றேவிட்டது. நான் போனபோது அவர் கேபினில் உட்கார்ந்து கம்பெனியின் உதவி எண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

"இதுக்குத்தானேக்கா நாங்க அன்னிக்கே தலையால அடிச்சிக்கிட்டோம்?" என்றேன்.

"சட்டம் கரீட்டு. ஆனா சட்டம் போட்டவன் ஒரு நாளும் லாரி ஓட்னது கெடையாது. ரெண்டும் உண்மதான் நைனா. நீ ஒண்ண மட்டும் புட்ச்சிகினு தொங்கற."

வெயிலில் வியர்த்து வழிந்தபடி ஒருவர் இப்படிப் பேசினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பிறகு குறுக்கு வழி வந்தது. சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினால் போதும். கரைசல் ஊற்றாமலே, எல்லாம் சரியாக இருப்பதாக இன்ஜின் நம்பிவிடும். வண்டி நிற்காது. புகை மட்டும் பழையபடி போகும். யார் யார் பொருத்தினார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. செல்வம் பொருத்தினான், அக்காவுக்குத் தெரியாமல். வழியில் நின்று நின்று அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

தெரிந்ததும் அவர் அவனை வேலையை விட்டுத் துரத்தவில்லை. லாரியை ஓரங்கட்டினார். கருவியைப் பிடுங்கி, இன்ஜினைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை லோடு எடுக்க மாட்டேன் என்றார். அதைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இன்னொரு லாரியால் மட்டும் சமாளிக்க முடியவில்லை; அம்பத்தூர் கம்பெனி காத்திருக்கவில்லை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. நான் போய்க் கெஞ்சினேன். "ஒரு லாரி பொகைய உட்டா ஆவடியே செத்துடுமாக்கா?" என்றேன். "எல்லாரும் அந்த ஒரு லாரின்னுதான சொல்றீங்க?" என்றார். அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. கடைசிவரை சில்லறை லோடுகளை வைத்துத்தான் வண்டியை ஓட்டினார்.

போன மாதம் மின்சார லாரி விற்கும் கம்பெனி ஆள் ஒருவர் வந்து நமக்குப் படம் போட்டுக் காட்டினார். இனி வரப்போகும் விதிகளுக்கு டீசல் தாக்குப்பிடிக்காது என்றார். அக்கா கைதட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். மழையில் பட்டாபிராம் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றால் வண்டி போகுமா? சார்ஜ் போடும் இடம் எங்கே? அது ஏறும் வரை டிரைவர் எங்கே படுப்பான்? பழுதானால் யார் வருவார்கள்? வந்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "டீசல் போவட்டும், நான் அழ மாட்டேன். ஆனா இந்த தபா வண்டிக்கு முந்தி மெக்கானிக்க அனுப்பச் சொல்லு."

போக்குவரத்துத் துறை அதிகாரியைப் பார்த்து இதையெல்லாம் கேட்க இருவரும் சேர்ந்து போவதாக இருந்தோம். எப்படிப் பேசுவது என்பதில் எங்களுக்குள் சண்டை. அவர் கத்த வேண்டும் என்றார்; நான் பணிவாகப் பேச வேண்டும் என்றேன். அதுதான் முடியாமல் போன சண்டை.

வெள்ளானூருக்குப் போனபோது சங்கமே தெருவில் நின்றிருந்தது. வீட்டு வாசலில் அமரர் ஊர்தி. அரதப் பழசு. சடங்குகள் நடந்துகொண்டிருக்க, இன்ஜினை அணைக்காமல் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். செல்வம்தான் பாய்ந்து போனான்.

"ஆஃப் பண்ணுய்யா! யார் ஊட்டு வாசல்ல நின்னுகினு பொகைய உடற நீ?"

ஊர்தி டிரைவர் பயந்து அணைத்துவிட்டார். அக்காவை ஏற்றிய பிறகு அது மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டது. வேறு வழியில்லை. தெருவில் நின்ற லாரி முதலாளிகள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் அதைத் தள்ளினோம். மூச்சு வாங்கியது. தள்ளிக்கொண்டிருந்த ஒருவர், "போற அன்னிக்கும் வேல வெச்சிட்டுதாம்ப்பா இந்த அக்கா" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதிகாரியை நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பணிவாகத்தான் ஆரம்பித்தேன். கத்தலில்தான் முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, யாருக்கும் பிடிக்காத ஒரு பழக்கம். லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது, நம் வண்டி, அடுத்தவன் வண்டி என்று பார்க்காமல் ஒவ்வொரு கேபின் கதவாகத் தட்டி, இன்ஜினை அணைக்கச் சொல்கிறேன். "இந்தாளுக்கு வேற வேல இல்ல" என்று டிரைவர்கள் என் காதில் விழும்படியே முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்புகிறார்கள்.