கடிக்காத பூட்ஸ்

என் வீட்டுக்காரருக்குச் சாரம் கட்டுகிற வேலை. எத்தனை மாடிக் கட்டடமானாலும் இரும்புக் குழாய்களைப் பூட்டிக்கொண்டே மேலே போய்விடுவார். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'ஏணி'தான். போன மாதம் அந்த ஏணிக்கு இரண்டு தடவை கால் வழுக்கியது. மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை வழுக்குச்சு, அப்புறம் நீ கீழதான். மேல ஏற விடமாட்டேன்." கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் இவர் செத்தே போவார். அன்றைக்கு மனுஷர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

குற்றவாளி பழைய பூட்ஸ்தான் என்று முடிவாயிற்று. அடிப்பாகம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. இவரும், கூட வேலை பார்க்கிற வெல்டரும் சேர்ந்து போய், ஒரே கடையில், ஒரே மாதிரி, நல்ல தோல் பூட்ஸ் வாங்கி வந்தார்கள். பலகை மாதிரி விறைப்பு. கடைக்காரர் எச்சரித்தே அனுப்பினாராம்: "நிஜத் தோல். கொஞ்ச நாள் கடிச்சு எடுக்கும். அப்புறம் உங்க காலுக்குன்னே தைச்ச மாதிரி உக்காந்துக்கும்."

வெல்டரைக் கடித்தது. காலையில் நொண்டிக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டுவார். விரலெல்லாம் பிளாஸ்திரி என்று அவர் மனைவி புலம்பினாள். இவரோ பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, பூட்ஸ் முழுசாகத் தெரிகிற மாதிரி மாப்பிள்ளை நடை நடந்தார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் குழப்பம்.

"உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"துளிகூட இல்ல. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு."

"அதெப்படிங்க? ரெண்டும் ஒரே பூட்ஸ்தானே?"

அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வெல்டரை வரச்சொல்லி, இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள், நகத்தால் கீறிப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. "உனக்கு யோகம்டா ஏணி," என்று வெல்டர் பொருமினார். எனக்கு மட்டும் மண்டை காய்ந்தது. கடிக்கவேண்டியது கடிக்கவில்லையென்றால் அது தோலே இல்லை. ரெக்சினைத் தலையில் கட்டிவிட்டான் படுபாவி. அதைப் போட்டுக்கொண்டு ஏறி, மறுபடியும் வழுக்கினால்?

விடுமுறையன்று அவரைப் பூட்ஸும் காலுமாகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"போலியை வித்திருக்கீங்க," என்றேன் எடுத்த எடுப்பில்.

"என்னம்மா ஆச்சு? ரொம்பக் கடிக்குதா?"

"கடிக்கல! அதுதான் புகாரே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "நான் கடை வச்ச நாள்ல இருந்து இப்படி ஒரு புகார் வந்ததில்லையே," என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இவரை முக்காலியில் உட்காரவைத்து, நாடாவை அவிழ்த்து, இடது பூட்ஸைக் கழற்றினார். கறுப்பு சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல உரித்தார். உள்ளே குதிகால் தோல் வழன்று, காய்ந்த ரத்தமும் புது ரத்தமுமாகக் கிடந்தது. வீட்டில் சாக்ஸை இவரே துவைத்துக்கொள்வார்; நான் எங்கே பார்த்தேன்?

கடைக்காரர் பூட்ஸைக் கீழே வைத்தார். "தோல் நிஜம்தாம்மா," என்றார்.

யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "இது எப்போ ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். என்னை! கீழே உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வேறு.

"ம், தொடு சீக்கிரம். நாளைக்கு மேல ஏறணும், நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்."

அவருடைய கட்டைவிரலை நான் நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.