வேலி தாண்டிப் போன கிண்ணம்

அப்பாவின் இடது கால் பெருவிரலில் ஒரு புண். அந்த ஆண்டு எங்கள் வீட்டுச் சமையலை அதுதான் நடத்தியது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பெட்டி விழுந்து பட்ட சின்னக் காயம். சர்க்கரை நோயால் ஆறவில்லை. தினமும் காயும் கீரையும் சாப்பிடாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எடுத்த விரலை எங்கே வைப்பார்கள்? ஒன்பது வயதில் எனக்கு அதுதான் பெரிய கேள்வி. தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான்.

அப்பாவோ கோழிக்கறியையும் கருவாட்டையும் தவிர எதையும் சாப்பாடாக மதிக்காதவர். அம்மா தோசையில் கேரட்டைத் துருவிப் போட்டார், முட்டைக்குள் பாகற்காயை ஒளித்தார். அப்பாவின் நாக்கு சுங்க அதிகாரி மாதிரி ஒவ்வொன்றையும் பிடித்துத் தட்டின் ஓரத்தில் நிறுத்தியது.

"நான் என்னா ஆடா, தழையா போடுற?"

"ஆட்டுக்குச் சக்கர வியாதி இல்ல லா," என்றார் அம்மா.

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டு மக்சிக், மஸ்ஜித் தானாவில் பிறந்த மலாய்க்கார அம்மாள், தமிழ் தெரியாமலே எல்லாம் தெரிந்துகொண்டார். ஒருநாள் வேலிக்கு மேலாக ஒரு கட்டு உலாம் ராஜா இலை வந்தது. பச்சையாகவே சாப்பிட வேண்டுமாம். நெருப்பைப் பார்க்காத பச்சை எதுவும் தட்டுக்கு வராத குடும்பம் எங்களுடையது. அம்மா கடுகு தாளித்து வதக்கிவிட்டார். வீடெல்லாம் அந்த இலைக்கே உரிய மாங்காய் வாசனை, தட்டில் கறுத்த கூழ். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் மக்சிக் பின்வாசலில் வந்து நின்றார், கையில் மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து இடித்த பெலாச்சான் சம்பலோடு. இலையைச் சுருட்டி அதில் தொட்டு அப்பாவின் தட்டில் வைத்தார். "மாக்கான் லா," என்றார். அம்மா வைத்ததை ஓரந்தள்ளலாம். வேற்று வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படித் தள்ளுவது? அப்பா மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் அவர் தொண்டையையே பார்த்திருந்தேன். இறங்கியது.

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. வேலியோர முருங்கையை உருவி, தேங்காய்ப்பூ தூவி வதக்கி, கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். மக்சிக் கிண்ணத்துக்குள் பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து நின்றுகொண்டிருந்தார். மக்சிக் ஏதோ முணுமுணுத்தார். கண்களை இறுக மூடி ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் அதே கதை. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மக்சிக். முதலில் நிறுத்துகிறவராக இருக்க இருவருக்கும் மனமில்லை. மாத்திரையோ, இலையோ, தீபாவளிக்குள் விரலில் புதுத்தோல் வந்துவிட்டது, குழந்தையின் தோல் மாதிரி, ரோஸ் நிறத்தில்.

பல வருடம் கழித்து, என்னோடு வேலைசெய்த, மக்சிக்கின் ஊரான மஸ்ஜித் தானாக்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: அவர்கள் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், பெரியவர்கள் முருங்கை இலையை வாயில் வைக்க மாட்டார்களாம். இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடுகிற இலையாம் அது.

அன்று கிண்ணத்தோடு நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடிய இரண்டு கண்கள். அவ்வளவு ருசி போல என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் அம்மா இன்னும் பெரிய கிண்ணமாகத் தேடி எடுத்தார்.