பூட்டிய வார்மர்

நான் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பந்த நர்ஸ். பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் எங்கள் பிரசவ வார்டில் ஒன்றுதான் இருந்தது. அதன் ஹீட்டர் எரிந்துபோய் மாதக்கணக்காகியும், ரிப்பேருக்கு நிதி இல்லை என்று ஆபீஸ் கையை விரித்தது. பிறகு அரசாங்கமே புதிதாக ஒன்று அனுப்பியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! தரச் சான்றிதழுக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது, அதுவரை கீறல் விழக்கூடாது என்று தலைமை டாக்டர் அதை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஆய்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வார்மர் பாலிதீன் உறையோடு நின்றது. புது சோபாவை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்காரும் வீடுகள் உண்டு. அங்கே யார் உயிரும் போவதில்லை.

ஒரு நாள் காலை, மீமிசல் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. கையும் காலும் நீலம் பாரித்து, தொட்டால் சில்லென்று இருந்தது. தாயின் நெஞ்சில் போட்டுச் சூடேற்றலாம் என்றால், அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் டியூட்டி டாக்டர் போராடிக்கொண்டிருந்தார். 108 வர நேரமாகும் என்றார்கள்.

குழந்தையைத் துணியில் சுற்றி என் மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்டோர் சாவி வைத்திருந்த பார்மசிஸ்டிடம் ஓடினேன். அவர் சாவியை எடுக்கவே இல்லை.

"சார் சொல்லாம தொறக்க முடியாதும்மா. நாளைக்கு ரிப்பேர் ஆச்சுன்னா எம் பென்ஷன்லதான் பிடிப்பாங்க."

முன்பு ஏதோ மிஷின் கெட்டதற்கு அவரை அலைக்கழித்திருந்தார்கள். பயந்த மனிதர். ஆனாலும் அன்று எனக்கு அவர்மேல் துளி இரக்கம் வரவில்லை. தலைமை டாக்டருக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தேன், எடுக்கவில்லை. குழந்தையை ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் பூட்டை அடித்து உடைத்தேன்.

வார்மரில் கிடந்த குழந்தை கொஞ்ச நேரத்தில் சிவந்து அழுதது. ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினோம், பிழைத்துவிட்டது.

மறுநாள் தலைமை டாக்டர் அறையில் எனக்கு மெமோ. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினேனாம். அப்படியென்றால் அந்தப் பிள்ளை யார் சொத்து என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"அவசரம்னா என்கிட்ட கேட்டிருக்கணும்ல?" என்றார் தலைமை டாக்டர்.

"எத்தனையோ தடவ போன் பண்ணேன் சார். நீங்க எடுக்கல."

"மீட்டிங்ல இருக்கும்போது எப்படிம்மா எடுக்கிறது?"

"என்ன மீட்டிங் சார்?"

"பச்சப்புள்ளைங்க சாவைக் குறைக்கிறது பத்தி" என்றார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். மெமோவை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.