கம்பிக்கு ஒரு விரல் கீழே

என் ஜீப் என் மனைவிக்குப் பிடிக்காமல் போனதற்கு ஜீப்தான் காரணம், நான் இல்லை. இதை அவளிடமே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி அது. எக்ஸ்பிரஸ்வேயில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், தரையிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி இருக்கை வழியாக முதுகுக்கு ஏறும். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு ஊர் சுற்றியவள், ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

"இனிமே நான் எம்ஆர்டி ரயில்லயே வந்துக்கிறேன். உங்க வண்டில ஏறினா என் முதுகு ஒரு வாரம் பேசுது."

அதன்பிறகு பக்கத்து இருக்கையில் என் குடைதான் உட்கார்ந்து வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: அவள் இல்லாமல் ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் தம்பிக்கு வங்கியில் கணினி வேலை, பழைய வண்டிகள் மேல் பைத்தியம். ஒரு சனிக்கிழமை ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தவன், அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அத்தான், ஸ்பிரிங் எல்லாம் படுத்துடுச்சு லா. முன்னாடி ஷாஃப்ட்டும் ஆடுது. ரெண்டையும் சேர்த்தே பண்ணிடலாம்."

ஷாஃப்ட் என்பது முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. அதன் மூட்டுகள் தேய்ந்ததால்தான் அந்த நடுக்கம். முறைப்படி அனுமதி வாங்கி, உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினோம். அவனுடைய நண்பரின் பட்டறையில் ஒரு மூலை கிடைத்தது. தண்டைக் கழற்றும் முன், திரும்ப எப்படிச் சேர்க்க வேண்டும் என்று மச்சினன் அதில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தான். நான் சுத்தக்காரன். ஜாலான் புசார் கடைத்தெருவில் புதுப் பிரஷ் வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் தோய்த்து, தண்டைப் பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கி வைத்தேன்.

"கோடு எங்க அத்தான்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. தப்பாகச் சேர்த்தால் நடுக்கம் முன்னைவிட மோசமாகும் என்று விலாவாரியாக விளக்கி, என்னை நன்றாக வியர்க்க விட்டபிறகுதான், போனில் படம் எடுத்து வைத்திருப்பதை அவன் காட்டினான். அக்காளுக்கு ஏற்ற தம்பி. புது மூட்டு போட்டு, கிரீஸ் அடித்து, படத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் வண்டிக்குப் பூசை போட்டோம். நான், மனைவி, மாமியார், மச்சினன், அவன் மனைவி என்று ஐந்து பேரும் ஏறி எலுமிச்சம்பழங்களை நசுக்கினோம். அப்படியே ஒரு மூட்டை அரிசியும் வாங்கிப் பின்னால் போட்டோம். எங்கள் குடியிருப்புப் புளோக்கின் பலமாடி கார் பார்க் வாசலில், சங்கிலியில் ஒரு மஞ்சள் கம்பி தொங்கும். அதைவிட உயரமான வண்டிக்கு உள்ளே இடமில்லை. மெல்ல நுழைந்தோம். கம்பிக்கு ஒரு விரல் கீழே கூரை தப்பித்தது. மச்சினன் கைதட்டினான்.

"நடுக்கம் போயிடுச்சு பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"டவுன்ல எப்பவும் ஆடாது. எக்ஸ்பிரஸ்வேல போனாத்தான் தெரியும். அதுக்கு நான் வரல."

அடுத்த ஞாயிறு தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பினேன். கார் பார்க் வாசலில் 'டங்' என்று தலைக்கு மேல் சத்தம். கம்பி முன்னும் பின்னும் ஆடியது. அன்று ஐந்து பேரும் அரிசியும் சேர்ந்து புது ஸ்பிரிங்கை அமுக்கியிருந்தது எனக்கும் மச்சினனுக்கும் உறைக்கவே இல்லை. இப்போது ஆளில்லாத பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. எனக்குப் பின்னால் ஒரு டாக்ஸி ஹார்ன் அடித்தது. போனை எடுத்தேன்.

"கொஞ்சம் கீழ வரியா?"

"ஏன், வண்டி நின்னுடுச்சா?"

"இல்ல. நீ வந்து பின்னாடி உக்காரணும்."

நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என் எடையப் பத்தி ஒரு வார்த்த பேசினீங்க, மீன நீங்கதான் கழுவணும்."

ஏறி உட்கார்ந்தாள். கம்பி கூரையை லேசாகத் தடவி விட்டுவிட்டது. மேல்மாடி வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மீனையும் நான்தான் கழுவினேன்.

அதற்கடுத்த வாரம் நான் சாவியை எடுத்தபோது அவள் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "எப்படியும் கூப்பிடத்தான் போறீங்க. அதுக்கு மொதல்லேர்ந்தே வந்துடறேன்." எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். வேகம் கூடியது, நடுக்கம் வரவில்லை. சாங்கி தாண்டும்போது கைப்பிடியை விட்டுவிட்டுப் பையிலிருந்து கச்சான் கடலையை எடுத்து எனக்கும் நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சமாளித்தேன்.

போன மாதம் மச்சினன் இரண்டு மணல் மூட்டைகளோடு வந்தான். கம்பியின் உயரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனுக்கு உறுத்தல்.

"அக்கா, இதப் பின்னாடி போட்டுட்டா போதும். நீ இனிமே கூடப் போக வேணாம்."

ஜீப் சாவியை நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போடா. நான் உக்கார்ற எடத்துல எதுக்கு மணலு?"