வாந்திக்குப் பயந்தவள்

அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து வரும். அதில் வந்த சுற்றுலாப் பேருந்து எஸ்டேட் தேநீர்க்கடை முன்னால் நின்று கதவைத் திறந்தால், ஆட்களுக்கு முன்னால் அந்த வாடைதான் இறங்கும். புளித்த பால், தைலம், பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்த வாந்தி. பையைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடத் தெரியாமல் தேயிலைச் செடிமேல் வீசுகிறவர்களும் உண்டு.

அந்தக் கடையில் எனக்கு மேசை துடைக்கும் வேலை. என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். எங்கள் லயத்து வீடுகளில் எனக்குச் சுத்தக்காரி என்று பேர். அடுத்தவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பக்கத்தில் யாராவது ஓங்கரித்தால் எழுந்து போய்விடுவேன். எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் கடை நிரம்பி வழிந்தது. ஒரு சின்னப்பெண் ஸ்ட்ராபெரி ஜாமும் கிரீமும் தடவிய ஸ்கோன் பன்னை முழுசாகத் தின்றுவிட்டு அப்படியே மேசைமேல் கக்கினாள். அவள் அம்மா நாலு டிஷ்யூவை எடுத்து அதன்மேல் போட்டாள். பிறகு குடும்பத்தோடு அடுத்த மேசைக்கு நகர்ந்து மீதி ஸ்கோன்களைச் சாப்பிட ஆரம்பித்தாள். டிஷ்யூ மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக ஊறியது.

"அக்கா, அந்த மேசைய கொஞ்சம் பாருங்க லா" என்றார் சூப்பர்வைசர்.

துணியை எடுத்துக்கொண்டு போனேன். மேசையை நெருங்குவதற்குள் காது அடைத்தது. விரல்கள் மரத்தன. நெஞ்சுமேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டியது. துணியைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். செத்துவிடுவேன் என்று தோன்றியது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் வேண்டினேன்: நான் வாந்தி எடுத்துவிடக் கூடாது.

அதற்குப்பின் பேருந்தில் ஏறுவதை விட்டேன். சோற்றை மோந்து பார்க்காமல் வாயில் வைப்பதில்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கை வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கம்போங் ராஜாவில் ஒரு மந்திரக்காரரிடம் கூட்டிப் போனார். யாரோ எனக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அந்த ஆள் ஒரு குவளை பழுப்புத் தண்ணீர் கொடுத்தார். அதில் ஒரு முடி மிதந்தது. வெளியே வந்து சாக்கடையில் ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் தாப்பாவில் கட்டிக்கொடுத்த மகள் உண்டாகியிருந்தாள்.

"தண்ணி குடிச்சாகூட வெளிய வந்துருதுமா. நீங்க எப்ப வர்றீங்க?" என்றாள் போனில்.

"லீவு கெடைக்கலமா" என்றேன். நான் லீவே கேட்கவில்லை.

மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பினாள். அந்தச் சத்தம் வந்தது. போனைப் படுக்கையில் எறிந்து, தலையணையால் மூடிவிட்டு வாசலுக்கு ஓடினேன். உள்ளே தலையணைக்கு அடியிலிருந்து "மா? மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் போனை எடுத்துப் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"அது உன் மகதானே. அவள பாத்தாலுமா அருவருப்பு?"

ஆமாம் என்பதுதான் உண்மை. அதை நினைக்க, வாந்தியைவிட என்மேலேயே எனக்குக் குமட்டியது.

மறுநாள் தானா ராத்தா அரசாங்க கிளினிக்குக்குப் போய் வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வெடித்த கையைப் பார்த்தார், மலாயில் மெதுவாகக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

"எதற்குப் பயப்படுகிறீர்கள்?"

"பயமில்லை. அருவருப்பு."

"அருவருப்பு வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே துடைத்துவிடுவீர்கள். நீங்கள் ஓடுகிறீர்கள். பயந்தால்தான் ஓடுவோம். கடைசியாக எப்போது வாந்தி எடுத்தீர்கள்?"

"சின்ன வயதில்."

"அப்போது என்ன ஆனது?"

ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்ல எரிச்சலாக இருந்தது. ஓட ஓட, ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது என்றார். ஓடாமல் நின்றால் பதற்றம் உச்சிக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். அதை உடம்புக்குக் காட்டிக்கொடுக்க வேண்டுமாம்.

கவுன்சலரிடம் அனுப்பினார். அந்த அம்மா முதலில் 'வாந்தி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு, யாரோ வாந்தி எடுக்கும் சத்தத்தைப் போனில் போட்டுக் கேட்க வைத்தார். சுவரில் பல் விளக்கும் குழந்தை படம்; கீழே நாங்கள் இரண்டு பேரும் ஊர் பேர் தெரியாத ஒருவனின் ஓங்கரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு அசிங்கமான வேலையை நான் செய்ததில்லை. கையை ஒருமுறைதான் கழுவ வேண்டும் என்றார். மூக்கைப் பொத்தாமல், தைலம் தடவாமல் பக்கத்து ஊரான ரிங்லெட்வரை பேருந்தில் போய்வரச் சொன்னார். பாதி வழியில் இறங்கி அழுத நாளும் உண்டு. மறுவாரம் திரும்பப் போனேன்.

கடைசியில் ஒரு காலை தாப்பா பேருந்தில் ஏறினேன். ரிங்லெட் தாண்டி இறக்கம் தொடங்கியதும் பின்சீட்டில் பிளாஸ்டிக் பை சரசரத்தது. தொடர்ந்து சத்தம், பிறகு வாடை. பயம் தொண்டைவரை வந்து நின்றது. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விட்டேன். ஏறட்டும் என்று விட்டேன். சில வளைவுகள் கழிந்தபின் நெஞ்சு அடிப்பது தணிந்தது. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. பயமும் அருவருப்பும் வேறு வேறு என்பது அங்கேதான் புரிந்தது. ஒன்று இறங்கிவிட்டது. மற்றது கூடவே வந்தது.

மகள் குளியலறைத் தரையில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடி வந்துவிட்டது.

"உங்களுக்கு ஆகாதுமா, வெளிய போங்க."

"சும்மா இரு. எடுத்து முடி."

அவள் முடியைச் சேர்த்துப் பிடித்தேன். வெதுவெதுப்பாக என் மணிக்கட்டில் பட்டு வழிந்தது. தோல் கூசியது. தாய்ப்பாசம் அதை மணக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் முடித்தபின் கையை ஒருமுறை கழுவிவிட்டுக் கஞ்சி வைத்தேன்.

அவள் வயிற்றில் சோறு தங்கும்வரை அங்கேயே இருந்தேன். அதற்குள் ஒரு மத்தியானம் கடையில் வாங்கிய கறி ஒத்துக்கொள்ளாமல் நானே சிங்க்கில் வாந்தி எடுத்தேன். மூக்கெல்லாம் எரிந்தது, வாயெல்லாம் கசப்பு, எதிர்பார்த்த அளவுக்கு அசிங்கம்தான்.

மகள் கதவோரம் நின்று, "ஆச்சாமா?" என்றாள்.

"ஆச்சு."

வாயைக் கொப்பளித்தேன், சிங்க்கைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு படுத்துத் தூங்கிவிட்டேன்.