இரண்டாவது அறை

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச்சுவரில் பாலித் தீவு முகமூடி நடனத்தின் வீடியோ ஓடுகிறது. கோயில் வாசலில் ஆடுகிறவரின் விரல்கள் மட்டும் தனியே நடுங்குகின்றன. பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். என் கைப்பேசியில் தமிழ் எழுத்தைக் கண்டதும், "தமிழோ தம்பி?" என்கிறார்.

"ஆமாம்மா, மதுரை. இந்த ஆட்டம் ரொம்பப் பிடிச்சிருக்கா?"

"இல்லை. அடுத்த அறைக்குப் போகப் பயமாக் கிடக்கு. அங்க என்ர மகள் செய்த வீடியோ. டொக்டர் படிப்பை விட்டிட்டு பாலிக்குப் போய் இந்த ஆட்டம் பழகினவள். இப்ப வீட்டிலதான் இருக்கிறாள். நான் கதைக்கிறதில்லை. இங்க வாறன் எண்டும் சொல்லேல்லை."

"நானும் வரேம்மா" என்கிறேன். கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து தனியே ரயிலேறி வந்தவர், கைப்பையை அணைத்தபடி எழுகிறார்.

அங்கே திரையில் அதே போன்ற முகமூடியோடு, அதே விரல் நடுக்கத்தோடு ஒரு பெண் ஆடுகிறாள். கோயில் இல்லை, ஒரு சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில் இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன.

"இது என்ர குசினியெல்லோ! நான் ஷிப்ட்டுக்குப் போன நேரம் எடுத்திருக்கிறாள்."

முடியும்வரை நின்றே பார்க்கிறார். பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டுகிறார்.

"ஒரு படம் எடுங்கோ. பிள்ளைக்கு அனுப்பவேணும்."

திரைக்கு நேர் முன்னால் போய் நிற்கிறார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வீடியோ மறையுது."

"மறையட்டும் தம்பி. என்ர முகம் தெரிஞ்சாப் போதும்."